நடந்து போய்க் குடிக்கும் பீர்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், வடக்கு ஓரமாக அவுஃப்ஸெஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை 1,500-ஐத் தொடாது. ஆனால் ஊராட்சி எல்லைக்குள் பீர் காய்ச்சும் ப்ரூவரிகள் நான்கு. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இத்தனை ப்ரூவரிகள் உலகில் வேறெங்கும் இல்லை என்று 2001-ல் கின்னஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது ஊர். நான்கும் ஒரே தெருவில் இல்லை. அவுஃப்ஸெஸ், ஸாக்ஸன்டோர்ஃப், ஹோக்ஸ்டால், ஹெக்கன்ஹோஃப் என்று வயலும் காடும் இடையிட்ட நான்கு குடியிருப்புகளில் தலா ஒன்று. நான்கையும் சுற்றிவர சுமார் 14 கிலோமீட்டருக்கு நடைபாதை குறித்து வைத்திருக்கிறார்கள். ஒரு ப்ரூவரியில் உட்கார்ந்து குடித்துவிட்டு, எழுந்து காட்டுவழியே நடந்து, பசியும் தாகமும் எடுக்கும்போது அடுத்ததற்குப் போய்ச் சேரலாம்.

பீர் பிடிக்கும், தொப்பைதான் பயமாக இருக்கிறது என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. நல்ல பீரை ரசிப்பதையும் எடையைக் கட்டுக்குள் வைப்பதையும் சேர்த்தே செய்ய முடியும் என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது ஃபிராங்கோனியா என்ற இந்த வட்டாரம்தான்.

அதன் ஒரு பகுதியான மேல் ஃபிராங்கோனியாவில் மட்டும் இன்றும் 150-க்கும் மேற்பட்ட ப்ரூவரிகள் இயங்குகின்றன. ஜெர்மனி முழுவதிலும் சேர்த்தே 1,500 அளவில்தான் இருக்கும். இவ்வளவு நெருக்கம் எப்படி வந்தது? பழைய காலத்தில் இது ஒரே அரசின் கீழ் இருந்த நிலமல்ல. பாம்பெர்க் ஆயரின் ஆட்சி ஒரு பக்கம், பைராய்ட் சிற்றரசு இன்னொரு பக்கம், நடுநடுவே குறுநில வீரர்களின் சின்னச்சின்ன ஊர்கள். ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் பீர் காய்ச்சும் உரிமையைத் தனியாக வழங்கினார்கள். குன்றுகளின் மணற்பாறையைக் குடைந்தால் கோடையிலும் குளிர்ச்சி குறையாத நிலவறை கிடைத்தது. 1870-களில் பொறியாளர் கார்ல் ஃபான் லிண்டெ மியூனிக்கில் குளிர்சாதன இயந்திரத்தைக் கொண்டுவரும் வரை, குளிரில் நாள்பட வைத்துப் பக்குவப்படுத்தும் லாகர் வகை பீருக்கு வேறு வழியும் அதிகம் இல்லை. சாப்பாட்டுக்கடையும் ப்ரூவரியும் ஒரே குடும்பத்தின் கையில், ஒரே கூரையின் கீழ் இருந்தன. பெரிய நிறுவனங்கள் சந்தையை வளைத்தபோதும் இந்தக் குடும்பங்கள் தம் ஊருக்கு மட்டும் காய்ச்சி, தம் திண்ணையிலேயே விற்றுப் பிழைத்துக்கொண்டன.

இன்று உலகம் கிராஃப்ட் பீர் என்று கொண்டாடுவதன் கதை அமெரிக்காவில் தொடங்குவதாகத்தான் பலரும் சொல்வார்கள். 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு இருந்த தடையை நீக்கியது. அப்போது அந்த நாட்டில் ப்ரூவரிகள் நூறுகூட இல்லை. இன்று 9,000-க்கும் மேல். அந்த இயக்கத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. 1980-ல் தொடங்கிய சியெரா நெவாடா ப்ரூவரி போன்றவர்கள் ஹாப்ஸ் என்ற கொடிப்பூவின் மணத்தை உலகுக்கே மறுபடி அறிமுகப்படுத்தினார்கள். ஆனால் போகப்போக அங்கே ஒரு பந்தயம் கிளம்பியது. ஏழு சதவீதம், எட்டு சதவீதம், பத்து சதவீதம் என்று ஆல்கஹால் ஏற ஏற பீருக்கு மதிப்பும் ஏறுவதான எண்ணம் பரவியது. ருசிக்கும் போதைக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். எடைக் கணக்கு அங்கேதான் கெடுகிறது.

அந்த முடிச்சு தேவையே இல்லை என்பதைப் பார்க்க பாம்பெர்க் போக வேண்டும். பழைய நகரம் முழுவதும் 1993 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் ஊர். மால்ட், ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதையும் பீரில் சேர்க்கக் கூடாது என்ற ஆணை இங்கே 1489-லேயே பிறந்துவிட்டது. பவேரியாவின் புகழ்பெற்ற 1516-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 27 ஆண்டுகள் முந்தையது.

ஊரின் சிறப்பு புகை பீர். முளைவிட்ட பார்லியை உலர்த்தினால்தான் மால்ட். ஒரு காலத்தில் பல இடங்களில் விறகு எரித்தே உலர்த்தினார்கள், அதனால் புகை நெடி இல்லாத பீர் அரிது. புகை படாமல் வெறும் சூட்டில் உலர்த்தும் சூளைகள் வந்ததும் மற்ற ஊர்கள் மாறிக்கொண்டன. பாம்பெர்கில் ஷ்லெங்கர்லா, ஷ்பெட்சியால் என்ற இரண்டு குடும்ப ப்ரூவரிகள் மட்டும் இன்றும் பீச் மர விறகை மூட்டித் தங்கள் மால்ட்டைத் தாங்களே உலர்த்துகின்றன. ஷ்லெங்கர்லாவின் கட்டடம் பற்றிய முதல் பதிவு 1405-ஐச் சேர்ந்தது, ஷ்பெட்சியால் 1536-ஐத் தன் தொடக்கமாகச் சொல்கிறது.

ஷ்லெங்கர்லாவின் கருத்த உத்திரங்களுக்குக் கீழே மரப் பெஞ்சில் போய் உட்காருங்கள். பீப்பாய் மரத்தாலானது. பம்பு கிடையாது, வாயு அழுத்தம் கிடையாது, திருகைத் திறந்தால் தன் எடையிலேயே இறங்குகிறது பீர். அடர்ந்த பழுப்பு, தந்த நிற நுரை. வாயருகே கொண்டுபோகும்போதே புகையில் வாட்டிய இறைச்சியின் மணம் மூக்கில் அடிக்கும். முதல் மிடறில் முகம் சுளிப்பவர்கள் நிறையப் பேர். மூன்று குவளை குடித்தால்தான் பிடிபடும் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். மூன்று வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒன்றே ஒன்றை, ஒரு மணி நேரம் வைத்துக் குடித்துப் பாருங்கள். சில்லிப்பு குறையக் குறையப் புகை பின்வாங்கும், மால்ட்டின் இனிப்பு முன்னே வரும், கடைசியில் நாக்கின் அடியில் மெல்லிய கசப்பு தங்கும். ஒரே குவளைக்குள் இத்தனை மாற்றம். இந்தப் பீரின் ஆல்கஹால் அளவு வெறும் 5.1 சதவீதம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே ஷ்லெங்கர்லா, புகையூட்டிய மால்ட் சேர்க்காமல் 4.3 சதவீதத்தில் ஒரு வெளிர்நிற லாகரும் காய்ச்சுகிறது. அதே செம்பு அண்டா, அதே ஈஸ்ட் என்பதால் அதிலும் இழையாகப் புகை வாசம் ஒட்டிக்கொள்கிறது. இவ்வளவு நுட்பமான ருசியை நான் ஒன்பது சதவீத பீர்கள் பலவற்றில் கண்டதில்லை.

இனி தொப்பைக்கு வருவோம். ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி இருக்கிறது. மாவுச்சத்தில் 4, கொழுப்பில் 9. அரை லிட்டர் பீர் 5.1 சதவீதம் என்றால் அதில் சுமார் 20 கிராம் ஆல்கஹால், அதாவது 140 கலோரி. நொதிக்காமல் மிஞ்சிய மாவுச்சத்தில் இன்னொரு 70, 80 கலோரி. மொத்தம் 220 என்று வைத்துக்கொள்ளலாம். அதே அளவு குவளையில் எட்டு சதவீத பீரை ஊற்றினால் 320-ஐத் தாண்டும். ஆக, பீரில் எடை கூட்டுவதில் பெரும்பங்கு ஆல்கஹாலுக்குத்தான். நம்மூரில் பலர் நினைப்பதுபோல நுரையோ, பார்லியோ, சில்லிப்போ காரணம் அல்ல. இனிப்பு தெரியாத பீர் உடம்பை ஏற்றாது என்பதும் தவறு. லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது சதவீதம்.

ஆல்கஹாலை உடம்பு சேமித்து வைக்க முடியாது. உள்ளே வந்ததும் கல்லீரல் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு இதை எரிக்கத் தொடங்குகிறது. அதுவரை கொழுப்பு எரிவது மந்தப்படுகிறது. அந்த நேரத்தில் தட்டில் வருவது எதுவோ அது இடுப்புக்குப் போகிறது. கூடவே பசியும் தூண்டப்படுகிறது, போதும் என்று நிறுத்தும் மனமும் தளர்கிறது. நம்மூர் தொப்பைகளில் பெரும்பகுதியை நான் சைடிஷ் கணக்கில்தான் எழுதுவேன். மிக்சர், வறுத்த கடலை, எண்ணெயில் பொரித்த சிக்கன், எல்லாம் முடிந்து நள்ளிரவில் பரோட்டா. ஃபிராங்கோனியாவும் இதில் சளைத்ததல்ல. பன்றியின் தோள்கறியை மொறுமொறுவென்று சுட்டு, உருளைக்கிழங்கு உருண்டையும் குழம்புமாகப் பரிமாறுவார்கள். ஒரு தட்டே ஆயிரம் கலோரியைத் தொட்டுவிடும். காரில் வந்து இறங்கி இதை முழுங்கிவிட்டுப் போகும் உள்ளூர்ப் பெரியவர்களின் வயிறுகளைப் பார்த்தால், ஊர் எதையும் தானாகச் செய்துவிடாது என்பது புரியும்.

நடப்பவர்களின் கணக்கு வேறு. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 50 கலோரி செலவாகும். அவுஃப்ஸெஸ் சுற்றுப்பாதை முழுவதும் நடந்தால் 700. இரண்டு குவளை பீர், ரொட்டி, பாலாடைக்கட்டி என்று ஒரு பகல் பொழுதுக்கு இது ஏறக்குறையச் சரியாகப் போகும். ஆனால் நான்கு ப்ரூவரியிலும் தலா அரை லிட்டர் என்று இறங்கினால் பீர் மட்டுமே 880 கலோரி, 80 கிராம் ஆல்கஹால். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் கரைப்பது எட்டு கிராம் அளவுக்குத்தான், வேகமாக நடந்தாலும் அது வேகமெடுக்காது. இரவு வரை அந்த ஆல்கஹால் ரத்தத்தில் இருக்கும். எனவே நான்கிலும் குடித்தே தீர வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொள்ளாதீர்கள். இரண்டில் குடியுங்கள், மற்ற இரண்டில் தண்ணீரோ காபியோ சாப்பிட்டபடி மனிதர்களைப் பாருங்கள். ஹெக்கன்ஹோஃபில் உள்ள கதி ப்ராய் மோட்டார் சைக்கிள்காரர்களின் புண்ணியத்தலம். ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் வரிசைகட்டி நிற்கும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பொழுது போய்விடும்.

அளவைக் கட்டுக்குள் வைக்க இந்த வட்டாரமே சில வசதிகள் செய்து வைத்திருக்கிறது. பரிமாறுபவர் ஒவ்வொரு குவளைக்கும் உங்கள் முன்னால் உள்ள அட்டைத் தட்டில் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். அது பில்லுக்காக. எனக்கு அதுவே கலோரிக் கணக்குப் புத்தகமும் ஆகிவிட்டது. எத்தனை என்பது கண் முன்னாலேயே இருக்கும்போது மூன்றாவது கோட்டுக்கு மனம் தயங்கும். ஸைட்லா என்று அரை லிட்டர் கேட்பதுபோல, கடைசியாக ஷ்நிட் என்று கேட்கும் வழக்கமும் உண்டு. குவளையில் பாதிக்குச் சற்று மேல் பீரும் மீதி நுரையுமாக, சரசரவென்று ஊற்றித் தருவார்கள். கிளம்பும் முன் இன்னும் கொஞ்சம் என்ற ஆசைக்கு அது தாராளமாகப் போதும்.

அப்புறம் சாப்பாடு. பவேரிய மன்னர் முதலாம் மாக்ஸிமிலியன் 1812-ல் போட்ட ஒரு ஆணை, மியூனிக் ப்ரூவரிக்காரர்கள் தங்கள் நிலவறை வாசலில் பீர் விற்கலாம், ரொட்டியைத் தவிர வேறு உணவு விற்கக் கூடாது என்றது. அதனால் மக்கள் வீட்டிலிருந்து கட்டி எடுத்துப் போனார்கள். பீர் தோட்டங்களில் அந்தப் பழக்கம் இன்றும் பவேரியா எங்கும் உண்டு, ஃபிராங்கோனியாவின் மரநிழல் தோட்டங்கள் பலவற்றிலும் தடை சொல்ல மாட்டார்கள். நாம் கோயிலுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோவதைப் போலத்தான். குடும்பம் குடும்பமாக மேசைத் துணியை விரித்து, முள்ளங்கி, வெள்ளரி, தக்காளி, கறுப்பு ரொட்டி என்று எடுத்து வைப்பதைப் பார்க்கலாம். உப்பு தூவிய முள்ளங்கி வில்லை பீருக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். சென்னையில் என் வீட்டிலும் இப்போது வெள்ளரியும் முள்ளங்கியும்தான்.

ஆல்கஹால் இல்லாத பீரையும் அங்கே யாரும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. மாரத்தான் முடிகிற இடத்தில் ஆல்கஹால் நீக்கிய கோதுமை பீரைக் கொடுக்கும் நாடு அது. அரை லிட்டருக்கு 125 கலோரி அளவில் வரும். அதாவது வழக்கமான பீரில் பாதிக்குச் சற்று மேல், முழுக்கச் சுழியம் அல்ல.

எடையைத் தாண்டியும் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் ஆல்கஹாலில் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் மது 1988 முதலே இருக்கிறது. குறைவாகக் குடித்தால் ஆபத்து குறைவு, அவ்வளவுதான். கர்ப்பிணிகள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், குடியை விட்டு மீண்டவர்கள், தொட்டால் நிறுத்த முடியாதவர்கள் எல்லோருக்கும் இந்தக் கட்டுரையின் நடைபாதை மட்டும் போதும். அந்தக் காடும் குன்றும் பீர் இல்லாமலும் அழகுதான்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நியூரம்பெர்கிலிருந்து பாம்பெர்குக்கு ரயிலில் முக்கால் மணி நேரம். மேயிலிருந்து செப்டம்பர் வரை தோட்டங்கள் திறந்திருக்கும், மழை பெய்தால் மூடிவிடுவார்கள். கிராமத்து ப்ரூவரி ஒவ்வொன்றும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விடுமுறை விடும், நான்கும் திறந்திருக்கும் நாளை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அவுஃப்ஸெஸுக்குப் பேருந்து குறைவு. வாடகைக் கார் எடுத்தால் குடிக்காத ஒருவர் ஓட்ட வேண்டும். கையில் யூரோ நோட்டு இருக்கட்டும், சில இடங்களில் அட்டை வாங்க மாட்டார்கள். அக்டோபரில் போனால் பாம்பெர்கில் போக் என்ற வலுவான பருவகால பீர்கள் பீப்பாய் திறக்கும். ஷ்லெங்கர்லாவின் உர்போக் 6.5 சதவீதம். அதை மேசையில் உள்ள இருவர் பகிர்ந்து கொள்ளுங்கள்.

போவதாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள் என்பேன். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட, காய்ச்ச ஆளில்லாமல் கதவடைக்கும் கிராமத்து ப்ரூவரிகள் அங்கே கூடிக்கொண்டு வருகின்றன. தன் ஊர்க்காரர்களுக்கு மட்டும் காய்ச்சும் கடைகள் அவை. அந்தப் பீர் கப்பலேறி நம் ஊருக்கு ஒருபோதும் வராது. அங்கே போய், அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, ஒன்றுக்கு இரண்டாக அல்ல, ஒன்றே ஒன்றைக் கேட்டு வாங்கி நிதானமாகக் குடித்துவிட்டு வாருங்கள்.