ஆழ்கடல் கோஆக்சியல் கனெக்டர்

கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் பேங்க் ஆழம் குறைந்த மீன்பிடித் திட்டு. அதையும் தாண்டிப் போனால் கடல்தரை கிலோமீட்டர் கணக்கில் இறங்கிவிடும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 6,000 மீட்டரில் விரல்நகம் அளவு இடத்தில் சுமார் 600 கிலோ எடை அழுத்தும்.

1981-ல் சென்னையையும் பினாங்கையும் இணைத்த கடலடித் தொலைபேசிக் கேபிள் கோஆக்சியல் வகையே. இந்த அழுத்தத்தில் நீர் புகாமலிருக்க, அத்தகைய கேபிள்களின் மூட்டுகளைப் பாலிஎத்திலீனை உருக்கி வார்த்து நிரந்தரமாக மூடிவிடுவார்கள். ஆய்வுக் கருவிகளுக்கு அது சரிவராது. கரையில் கழற்றிப் பழுதுபார்க்க வேண்டுமே! அதற்குத்தான் கழற்றி மாட்டக்கூடிய கனெக்டர். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி 'ரோசப் 6000', 2010-ல் 5,289 மீட்டர் ஆழம் தொட்டது. அவ்வளவு ஆழத்தில் கனெக்டர்தான் முதலில் சோதிக்கப்படும் இடம்.

கோஆக்சியல் கனெக்டரின் உள்ளே நடுக்கம்பி, சுற்றிலும் மின்காப்பு, அதன்மேல் உலோக உறை. அழுத்தத்தில் மின்காப்பு நசுங்கினால் கம்பிக்கும் உறைக்கும் உள்ள இடைவெளி மாறும். சிக்னலில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். அதனால்தான் நடுக்கம்பியைக் கண்ணாடியில் பதித்து அடைப்பார்கள். டைட்டானியம் உடல் விலை கூடுதல்தான். ஆனால் உப்புநீர் அதை அரிக்காது. பக்கத்தில் அலுமினியத்தை நேரடியாகத் தொடவிட்டால் அலுமினியம் அரித்துப்போகும்.

நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் அமரும் பள்ளத்தைக் கவனியுங்கள். அங்கே ஒரு தலைமுடி சிக்கினாலும் நீர் கசிய வழி கிடைக்கும். நல்ல கனெக்டரை வாங்கிவிட்டு, துடைக்காமல் பூட்டினால் பயனில்லை.