இரவல் எழுத்தில் வரலாறு: வாசகர் புத்தகத்தை மூட வேண்டுமா?

பெயர் பெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர், பிறர் எழுதியதை எடுத்துத் தம் நூலில் சேர்த்துக்கொண்டார் என்று தெரிய வந்தால் அவருடைய புத்தகங்களை வாசகர் என்ன செய்வது? தூர எறிந்துவிடுவதா? "படிக்கச் சுவையாக இருக்கிறது, அது போதும்" என்று தொடர்ந்து படிப்பதா?

இது எங்கோ அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் மட்டும் எழும் கேள்வி அல்ல. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெங்களூரைச் சேர்ந்த எழுத்தாளர் ஒருவர் சம்பந்தமாகவே எழுந்து, டில்லி உயர்நீதிமன்றம் வரை போயிற்று. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்குகிறவர், அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடைகளில் தேடி எடுக்கிறவர், நூலகத்தில் இரவல் வாங்குகிறவர் என்று எல்லாருக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

பெங்களூர் வழக்கு

விக்ரம் சம்பத் பெங்களூர்க்காரர். மைசூர் உடையார் வம்சத்தைப் பற்றி 2008-ல் ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் பலருடைய கவனத்தைக் கவர்ந்தது. பிறகு கிராமபோன் காலத்துப் பாடகி கௌஹர் ஜானின் வாழ்க்கையை எழுதினார். அதற்குச் சாகித்ய அகாடமியின் யுவ புரஸ்கார் கிடைத்தது. வீணை எஸ். பாலசந்தரின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதியவர் அவரே. 2019-லும் 2021-லும் சாவர்க்கரைப் பற்றி இரண்டு பெரிய பாகங்கள் வெளியிட்டார். அவை ஏராளமான வாசகர்களைப் பெற்றன.

2022 பிப்ரவரியில், அமெரிக்காவில் பணிபுரியும் ஆட்ரி ட்ரஷ்கி, அனன்யா சக்கரவர்த்தி, ரோஹித் சோப்ரா என்ற மூன்று பேராசிரியர்கள் லண்டனில் உள்ள ராயல் ஹிஸ்டாரிகல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். சம்பத்தின் சாவர்க்கர் நூலிலும், 2017-ல் வெளியான ஒரு கட்டுரையிலும், விநாயக் சதுர்வேதி, ஜானகி பாக்லே போன்ற ஆய்வாளர்களின் எழுத்து முறையான மேற்கோள் இன்றி எடுத்தாளப்பட்டிருக்கிறது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு.

சம்பத் அதை அடியோடு மறுத்தார். ஆய்வாளர்களின் பெயர்களைத் தாம் குறிப்பிட்டிருப்பதாகவும், அந்தக் கட்டுரை ஒரு சொற்பொழிவின் எழுத்து வடிவம் என்றும் சொன்னார். இரண்டு கோடி ரூபாய் கேட்டு டில்லி உயர்நீதிமன்றத்தில் மானநஷ்ட வழக்கும் தொடுத்தார். பிப்ரவரி 18-ஆம் தேதி, அந்தக் கடிதத்தையும் அது போன்றவற்றையும் மேற்கொண்டு வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

அந்த உத்தரவு ஓர் இடைக்காலத் தடையே. திருட்டு நடந்தது என்றோ நடக்கவில்லை என்றோ அது தீர்ப்பு அல்ல. ஆகவே குற்றச்சாட்டை மட்டும் கேட்டுவிட்டு ஒருவரைத் திருடர் என்று சொல்வது நியாயமாகாது. தடையைக் காட்டி, கேள்வியே தவறு என்று சொல்வதும் சரியாகாது. சாவர்க்கரைப் பிடித்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கமும், பிடிக்காதவர்கள் எல்லாரும் மறு பக்கமும் நின்றதுதான் இந்த விவகாரத்தின் துரதிர்ஷ்டம். இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஒப்புக்கொண்ட இருவர்

எழுத்தாளரே தவறை ஒப்புக்கொண்ட இரண்டு சம்பவங்கள் அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடந்தன. இதை ஆராய அவை நல்ல பாடம்.

ஸ்டீபன் ஆம்ப்ரோஸ் அந்நாட்டில் லட்சக்கணக்கில் விற்ற சரித்திர ஆசிரியர். இரண்டாம் உலகப் போரின் சாதாரணச் சிப்பாய்களைப் பற்றி அவர் எழுதிய 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' டெலிவிஷன் தொடராகவும் வந்தது. குண்டுவீச்சு விமானிகளைப் பற்றி 2001-ல் அவர் வெளியிட்ட நூலில், தாமஸ் சில்டர்ஸ் என்ற பேராசிரியரின் 1995-ஆம் ஆண்டு நூலிலிருந்து பல பகுதிகள் ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் இருப்பதை ஒரு வாரப் பத்திரிகை வெளிப்படுத்தியது.

சில்டர்ஸின் நூல் எப்படி உருவானது என்பதைக் கவனிக்க வேண்டும். அவருடைய மாமன் 1945 ஏப்ரலில், போர் முடிய இரண்டு வாரங்களே இருந்தபோது, ஜெர்மனியில் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தவர். அந்தக் குடும்பக் கடிதங்களையும் ஆவணங்களையும் தேடித் தேடிச் சேர்த்து எழுதப்பட்ட புத்தகம் அது. ஒரு குடும்பத்தின் துக்கத்திலிருந்து பிறந்த வாக்கியங்கள், வேறொருவர் பெயரில் அமோகமாக விற்றன!

ஆம்ப்ரோஸ் மன்னிப்புக் கேட்டார். அடிக்குறிப்பில் சில்டர்ஸின் பெயர் இருக்கிறது, மேற்கோள் குறிதான் விடுபட்டுப் போயிற்று என்பது அவருடைய சமாதானம். ஆனால் துருவியபோது அவருடைய பழைய நூல்களிலும் இதே பழக்கம் தென்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் காலமானார்.

டோரிஸ் கெர்ன்ஸ் குட்வின் என்ற அம்மையாரின் கதை வேறு. கென்னடி குடும்பத்தைப் பற்றி 1987-ல் அவர் எழுதிய நூலில் லின் மக்டாகர்ட் என்பவரின் நூலிலிருந்து பகுதிகள் இருந்தன. அப்போதே பணம் கொடுத்துச் சமரசம் ஆகிவிட்டது. 2002-ல் அது வெளியே வந்தது. கையால் எடுத்த குறிப்புகளில் எது தம் வாக்கியம், எது பிறர் வாக்கியம் என்பது கலந்துவிட்டது என்று அவர் விளக்கினார். புலிட்சர் பரிசுக் குழுவிலிருந்து விலகினார். பிறகு 2005-ல் லிங்கனைப் பற்றி அவர் எழுதிய நூல் பெரும் புகழ் பெற்று, 2012-ல் வந்த 'லிங்கன்' திரைப்படத்துக்கும் ஆதாரமாயிற்று. வாசகர்கள் அவரைக் கைவிடவில்லை.

எது இரவல், எது களவு?

அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த விஷயத்தை விளக்கத் தேவையில்லை. எந்தக் கடிதம் எழுதினாலும் மேலே 'பார்வை' என்று போட்டு, முந்தைய கடிதத்தின் எண்ணும் தேதியும் குறிப்பிட்ட பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். பார்வை இல்லாத கோப்பு மேஜையைத் தாண்டாது. பிறர் எழுதியதைப் பயன்படுத்துவது குற்றம் அல்ல. எங்கிருந்து வந்தது என்பதை மறைப்பதே குற்றம்.

நம் இலக்கண மரபும் இதைத்தான் சொல்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரை ஆதரித்தவன், கோலாரைத் தம் பூர்வீகமாகச் சொல்லிக்கொண்ட கங்கர் குலத்துச் சீயகங்கன் என்பது இந்தப் பக்கத்துத் தமிழர்கள் பெருமையோடு நினைக்கக்கூடிய செய்தி. அந்த நன்னூல், நூல்களை முதல் நூல், வழிநூல், சார்பு நூல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. வழிநூல் செய்வது இழிவு அல்ல. வழிநூலை முதல் நூல் என்று சொல்லிக்கொள்வதுதான் இழிவு. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையர், எந்த ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்பதைத் தம் பதிப்புகளின் முகவுரையில் பெயர் சொல்லி எழுதி வைத்தார். ஏடு கொடுத்தவர்கள் பெயர் இன்றும் நிற்கிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. ஆசிரியர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நூலுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் சம்பவங்களுக்கும் தேதிகளுக்கும் யாரும் உரிமை கொண்டாட முடியாது. எழுதிய விதத்துக்கே உரிமை. ஆகவே சட்டத்தில் அகப்படாத களவும் உண்டு.

நம் ஊர்ச் சரித்திரத்தில்

அதற்கு உதாரணம் பெங்களூரிலேயே இருக்கிறது. தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பதை இங்குள்ள தமிழர்கள் பலர் அறிவார்கள். அந்தப் பழைய ஊருக்குத் தேசிமாணிக்கப் பட்டணம் என்ற பெயரும் இருந்தது. இதைப் படித்து அச்சில் ஏற்றியவர் பெங்களூரிலேயே 1837-ல் பிறந்த பி.எல். ரைஸ். அவருடைய 'எபிகிராபியா கர்நாடிகா' வரிசையில் பெங்களூர் ஜில்லாவுக்கான ஒன்பதாம் தொகுதி 1905-ல் வெளியாயிற்று. அதன் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் பெயர் சொல்லாமல் எடுத்தால், படிக்கிறவர் மூலத்துக்குப் போகும் வழி அடைபட்டுப் போகிறது.

வழி அடைபட்டால் என்ன நஷ்டம்? ஹொய்சள மன்னன் வீர வல்லாளனுக்கு ஒரு கிழவி வெந்த அவரைக்கொட்டை கொடுத்ததால் 'பெந்த காளூரு' என்ற பெயர் வந்தது என்ற கதை, புத்தகத்துக்குப் புத்தகம் அப்படியே தாவி வந்திருக்கிறது. ஆனால் பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள வீரக்கல், பெங்களூர்ப் போரில் மாண்டவனைப் பற்றிப் பேசுகிறது. அதன் காலம் சுமார் கி.பி. 890. வல்லாளனுக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊருக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது! ஆதாரம் கேட்காமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினால் பிழையும் சரித்திரமாகிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

களவைவிடப் பெரிய குற்றம்

இங்கே ஒரு வித்தியாசத்தை வாசகர்கள் மனதில் கொள்ள வேண்டும். பிறர் வாக்கியத்தைக் களவாடினால், உழைத்தவருக்கு அநியாயம் நடக்கிறது. ஆனால் வாசகருக்குக் கிடைக்கும் செய்தி உண்மையாகவே இருக்கலாம். நடக்காததை நடந்ததாக எழுதினால் வாசகரே ஏமாற்றப்படுகிறார்.

ஆம்ப்ரோஸ் விஷயத்தில் இதுவும் பின்னால் வெளிவந்தது. ஜனாதிபதி ஐசனோவருடன் நூற்றுக்கணக்கான மணி நேரம் தனியே பேசியதாக அவர் சொல்லிவந்தார். ஐசனோவரின் அலுவலகக் குறிப்புகளைப் பார்த்தபோது, இருவரும் சந்தித்தது மூன்றே தடவை, மொத்தம் ஐந்து மணி நேரம்கூட இல்லை என்று 2010-ல் தெரியவந்தது. பேட்டி நடந்ததாக எழுதப்பட்ட சில நாட்களில் ஐசனோவர் வேறு ஊரில் இருந்திருக்கிறார். மேற்கோள் குறி விடுபட்டது என்று இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது.

அப்படியானால் ஆம்ப்ரோஸ் எழுதிய அத்தனையும் குப்பையா? அதுவும் இல்லை. நார்மண்டிக் கரையில் இறங்கிப் போரிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வாய்மொழியை அவரும் அவருடைய சகாக்களும் சேகரித்து வைத்தார்கள். அந்த முதியவர்கள் மறைந்த பிறகு அதை வேறு யாராலும் சேகரிக்க முடியாது. ஆகவே அவருடைய சிப்பாய்க் கதைகளைப் படிக்கலாம். ஐசனோவர் தம்மிடம் தனியே சொன்னார் என்று அவர் எழுதியதை ஒதுக்கிவிடலாம்.

வாசகர் செய்யக்கூடியது

ஜனரஞ்சகமாகச் சரித்திரம் எழுதுகிறவர் செய்யும் சேவை சிறியது அல்ல. கல்வெட்டுத் தொகுதியையும் ஆராய்ச்சி ஏட்டையும் ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளி எங்கே போய்ப் படிப்பது? சோழர் வரலாற்றை நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவப் பண்டாரத்தாரும் ஆதாரத்தோடு எழுதி வைத்தார்கள். அதைச் சாமானியர் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர்கள் எளிய நடையில் எழுதியவர்களே. அந்தக் கூலிக்கு அவர்கள் உரியவர்கள்தான். மூட்டையைச் சுமந்து வந்தவர் விளைவித்தவரின் பெயரை அழிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு புத்தகத்தின் மீது புகார் வந்தால் வாசகர் மூன்று விஷயங்களைப் பார்க்கலாம். முதலாவது, எடுத்த இடத்தை அந்தந்தப் பக்கத்திலேயே ஆசிரியர் சொல்கிறாரா, அல்லது கடைசிப் பட்டியலில் பத்தோடு பதினொன்றாகப் போட்டுவிட்டாரா? இரண்டாவது, தவறு என்று தெரிந்த பின் அடுத்த பதிப்பில் திருத்தினாரா, மழுப்பினாரா? மூன்றாவது, காணாமல்போனது மேற்கோள் குறி மட்டுமா, உண்மையுமா?

முதல் இரண்டில் குறை இருந்தால் புத்தகத்தை மூட வேண்டியதில்லை. அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது, எவருடைய உழைப்பு எடுக்கப்பட்டதோ அவருடைய நூலையும் கேட்டு வாங்கிப் படித்தால் போதும். சில்டர்ஸின் புத்தகத்தைப் படிப்பதே அவருக்குச் செய்யும் நியாயம். மூன்றாவதில் குறை இருந்தால், நடை எவ்வளவு இனிமையாக இருந்தாலும், அந்த நூலைச் சரித்திரம் என்ற அலமாரியிலிருந்து எடுத்துக் கதை அலமாரியில் வைத்துவிட வேண்டியதுதான்.