ஜோசப் கோவன்

ஜோசப் கோவன் (ஜூலை 9, 1829 - பெப்ரவரி 18, 1900) இங்கிலாந்தைச் சேர்ந்த பத்திரிகை உரிமையாளரும் அரசியல்வாதியும் ஆவார். முதலாளியாக இருந்தும் தொழிலாளர் பக்கம் நின்றவர். தாம் சார்ந்த லிபரல் கட்சியையும் எதிர்க்கத் தயங்காதவர்.

வாழ்க்கை

நியூகாசில் நகருக்கு அருகிலுள்ள பிளேடன் பகுதியில் பிறந்தார். இவரது தந்தை உலைகளுக்கான செங்கற்களை உற்பத்தி செய்து வந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்ற கோவன், இத்தாலிய விடுதலைத் தலைவர் மாட்சினியின் நண்பரானார். ஐரோப்பியப் புரட்சியாளர்களின் தடைசெய்யப்பட்ட வெளியீடுகளை ஏற்றுமதிச் செங்கற்களுக்கிடையே மறைத்து அனுப்பினார் எனக் கூறப்படுகிறது.

பத்திரிகை

1859ல் நியூகாசில் குரோனிக்கிள் என்ற நாளிதழை வாங்கினார். 1871ல் நியூகாசில் இயந்திரத் தொழிலாளர்கள் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேர வேலை கோரி ஐந்து மாதங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இவ்விதழ் அவர்களை ஆதரித்தது. தொழிலாளர்கள் வெற்றி பெற்றனர்.

அரசியல்

நியூகாசில் தொகுதி உறுப்பினராக இருந்த தந்தை இறந்ததைத் தொடர்ந்து, 1874ல் இவர் அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். விக்டோரியா அரசிக்கு 'இந்தியப் பேரரசி' என்னும் பட்டம் வழங்கும் மசோதாவை 1876ல் எதிர்த்துப் பேசினார். அயர்லாந்தின் தன்னாட்சியை ஆதரித்தார். ஆனால் உருசியா தொடர்பான சிக்கலில் எதிரணியான கன்சர்வேட்டிவ் பிரதமர் டிஸ்ரேலியை ஆதரித்ததால் சொந்தக் கட்சியினரின் பகைக்கு ஆளானார். 1886ல் நாடாளுமன்றத்திலிருந்து விலகினார். இவரது சிலை 1906ல் நியூகாசிலில் நிறுவப்பட்டது.