நடுவழியில் நின்ற டீசல் லாரி

ஒரே ஒரு பழைய லாரியை நம்பி வெளிமாநிலத்தில் குடும்பம் நடத்தும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காக இக்குறிப்பு.

டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் டீசல் பாய்ந்து பற்றிக்கொள்கிறது. ஓடிய வண்டி நின்று, செல்ஃப் நன்றாகச் சுற்றியும் புகையே வராமல் கிளம்ப மறுத்தால், டீசல் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

முதலில் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டாங்கில் டீசல் உள்ளதா, ஸ்டாப் கேபிள் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்ப்பை அடியுங்கள். நுரை வந்தால் காற்று புகுந்திருக்கிறது. நுரை நீங்கித் தெளிந்த டீசல் வரும்வரை அடித்து, ஸ்க்ரூவை இறுக்குங்கள். எதுவுமே வராவிட்டால் டாங்கு பைப்பில் அடைப்பு இருக்கலாம்.

காற்று மறுபடி புகுந்தால், டாங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடையிலுள்ள பைப்பையும் வாஷர்களையும் சோதியுங்கள். அது உறிஞ்சும் பக்கம். ஓடும்போது டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகவே கண்ணுக்குத் தெரியாது.

செல்ஃபை 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். பேட்டரியும் போய்விட்டால் வழியில் உதவிக்கு ஆளிருக்காது. புதிய காமன் ரெயில் வண்டிகளில் மட்டும் பைப்பைத் தொடாதீர்கள். அதில் அழுத்தம் மிக அதிகம்.