அடுப்படியில் பிந்திப் படித்த பாடம்

1983 யூலை வன்செயல்களைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளிலே சுவிற்சர்லாந்தில் தஞ்சம் கோரிய எம்மவரில் பெரும்பாலானோர் மணமாகாத இளைஞர்கள். ஊரில் அவர்களுட் பலருக்கு அடுப்படி என்பது அம்மாவின் ஆட்சிக்குட்பட்ட இடம். சாப்பாட்டுக் கோப்பை தானாக முன்னே வந்து சேரும். இங்கோ அகதிமுகாமின் பொதுச் சமையலறையில், பழக்கமில்லாத மின்னடுப்பின் முன்னால், ஒரு பொதி அரிசியுடன் அவர்கள் நின்றார்கள்.

பாடம் அங்கேயே தொடங்கியது. விறகடுப்பில் கொள்ளியை வெளியே இழுத்துவிட்டால் சூடு தணிந்துவிடும். மின்னடுப்பின் இரும்புத்தட்டோ நிறுத்திய பின்னரும் நெடுநேரம் சுட்டுக்கொண்டிருக்கும். முதல்நாள் சோறு அடிப்பிடித்தது, மறுநாள் குழைந்தது. ஒரு சுண்டு பச்சையரிசிக்கு இரண்டு சுண்டு தண்ணீர், கொதித்ததும் சூட்டைக் குறைத்து மூடிவிடவேண்டும் என்பதைப் பட்டுத்தான் அறிந்தார்கள். ஊருக்குக் கடிதம் எழுதிப் பக்குவம் கேட்டால் மறுமொழி வர வாரக்கணக்காகும். ஆதலால் அறைத்தோழரே ஆசானானார். உணவகங்களிற் கோப்பை கழுவத் தொடங்கிய சிலர் பின்னர் சமையற்காரராகவே உயர்ந்தனர்.

சலவையும் அவ்வாறே. மாடிவீடுகளின் நிலவறையிலுள்ள பொதுச் சலவை அறையில் முறைவைத்தே துவைக்க வேண்டும். உடுப்பின் உட்புறத் துண்டிலுள்ள தொட்டிப் படத்தில் 30, 40, 60 என்று காணப்படும் எண்ணே தாங்கக்கூடிய உச்சச் சூடு என்பதை, கம்பளிச் சட்டையொன்று குழந்தைச் சட்டையாகச் சுருங்கிய பின்னரே பலர் கவனித்தனர்.

ஆனால், குடும்பங்கள் வந்துசேர்ந்ததும் படித்த பாடத்தைப் பலர் கைவிட்டனர். உணவகத்தில் ஊருக்கே சமைத்தவர் வீட்டில் ஒரு தேநீருக்கும் குரல் கொடுத்தார். மறுபுறத்தில், வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையே மொழி படிக்க வாய்ப்பற்றிருந்த மனைவிக்கு, வீட்டுக்கு வரும் கடிதங்களும் கட்டணச் சீட்டுகளும் அந்நியமாகவே இருந்தன. அவையெல்லாம் கணவரின் லாச்சிக்குள் அடங்கின. இருவரும் நலமாக இருக்கும்வரை இந்த ஏற்பாட்டின் பிழை தெரிவதில்லை.

அன்று இருபது வயதில் வந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். மனைவி மருத்துவமனையில் இருக்கும் வாரங்களில் பாணும் தேநீருமாய்க் காலந்தள்ளும் கணவரும், கணவரை இழந்த துயரத்தோடு பிரிக்கப்படாத கடித உறைகளின் முன் திகைத்து நிற்கும் மனைவியும் எம்மிடையே இல்லாதவர்கள் அல்லர்.

இரண்டாவது அறியாமைக்கு விலை அதிகம். கட்டத் தவறிய பணத்துக்காக ‘பெற்றைபுங்’ எனப்படும் கடன் அறவீட்டு நடவடிக்கை தொடங்கப்பட்டால், கொடுப்பனவுக் கட்டளை கையிற் கிடைத்து 10 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கவேண்டும். அடிப்படை மருத்துவக் காப்புறுதியைப் புத்தாண்டிலிருந்து வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதாயின், விலகற் கடிதம் நவம்பர் இறுதிக்குள் பழைய நிறுவனத்தைச் சென்றடைய வேண்டும். பலருக்குப் பழகியிருந்த சிவப்பு, செம்மஞ்சட் கட்டணச் சீட்டுகள் 2022 செப்டெம்பர் 30 உடன் வழக்கொழிந்தன. இப்போது வருவது சதுரக் குறியீடு பதித்த சீட்டு. அதனையும் தபாலகத்திற் கொண்டுசென்று கட்டலாம் என்பதே சிலருக்குத் தெரியாது.

இதற்குப் பெரிய வகுப்புகள் தேவையில்லை. வாரத்தில் ஒருநாள் வேலைகளை மாற்றிச் செய்தாற் போதும். அன்று கணவர் பருப்பும் ஒரு மரக்கறியும் ஆக்கட்டும். சலவை இயந்திரத்தையும் அவரே இயக்கட்டும். மனைவி கடிதங்களைப் பிரித்து, திகதிகளை நாட்காட்டியிற் குறித்து, ஒரு கட்டணத்தையாவது தம் கையாற் கட்டட்டும். முதல்நாள் உப்புக் கூடலாம், எண் பிழைக்கலாம். திருத்தித்தர மற்றவர் அருகில் இருக்கும்போதே பிழை விடுவது நல்லது.

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்கியே காலம் முழுவதையும் கழிக்கவும் இயலாது. அவர்களுக்கும் தனிக் குடும்பங்கள் உருவாகின்றன. மகனுக்கு அரிசி களையவும் மகளுக்குக் கணக்குப் பார்க்கவும் இன்றே காட்டிக்கொடுத்தால், நாம் அந்நிய மண்ணில் அவதிப்பட்டுக் கற்றதை அவர்கள் வீட்டிலேயே இலகுவாகக் கற்பார்கள்.

அகதிமுகாமில் அன்று கரண்டி பிடித்தபோது எவரும் வெட்கப்படவில்லை. பசி வெட்கத்தை வென்றது. பசி வரும்வரை மீண்டும் காத்திருக்கத்தான் வேண்டுமா?