வீட்டு கோல்ஃப் சிமுலேட்டர் அறை

வீட்டு கோல்ஃப் சிமுலேட்டர் அறை என்பது கோல்ஃப் (குழிப்பந்தாட்டம்) விளையாட்டை வீட்டுக்குள்ளேயே ஆடுவதற்காக அமைக்கப்படும் தனி அறையாகும். ஆடுபவர் உண்மையான மட்டையால் உண்மையான பந்தைத் திரையை நோக்கி அடிப்பார். பந்தின் வேகம், கோணம், சுழற்சி ஆகியவற்றை ஒரு கருவி அளக்கும். அது திறந்த வெளியில் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் சென்றிருக்கும் என்பதைக் கணினி கணக்கிட்டுத் திரையில் காட்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும் இத்தகைய அறைகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. மினசோட்டா, மிச்சிகன் போன்ற வட மாநிலங்களில் பனிக்காலத்தில் கோல்ஃப் திடல்கள் பல மாதங்கள் மூடியிருப்பது இதற்கு ஒரு காரணமாகும்.

எளிய அமைப்பு ஒன்றை ஏறத்தாழ 5,000 அமெரிக்க டாலருக்குள் முடிக்க முடியும். உயர்தர அறைக்கு 50,000 முதல் 1,00,000 டாலர் வரையிலும், அதற்கு மேலும் செலவாகிறது. இந்தத் தொகையில் பெரும்பகுதி கருவிக்கே போகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பாதிக்கு மேற்பட்ட தொகை சுவர், கூரை, மின்சாரம், குளிரூட்டல் போன்ற கட்டடப் பணிகளுக்கே செலவாகலாம். அறையின் அளவு சரியில்லை எனில் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் பயன்தராது. ஆகவே இச்செலவைப் புரிந்துகொள்ள முதலில் அறையிலிருந்தே தொடங்க வேண்டும்.

அறையின் அளவு

உயரம்: டிரைவர் எனப்படும் நீண்ட மட்டையின் நீளம் ஏறத்தாழ 45 அங்குலம். 6 அடி உயரமுள்ள ஒருவர் அதை முழுமையாக வீசும்போது மட்டையின் தலை 9 அடி வரை எழக்கூடும். எனவே 9 அடி உயரம் குறைந்த அளவாகவும், 10 அடி பாதுகாப்பான அளவாகவும் கொள்ளப்படுகிறது. அமெரிக்க வீடுகளின் நிலவறைகள் பல 8 அடி உயரமே கொண்டவை. தரையைத் தோண்டித் தாழ்த்துவது அடித்தளத்தையே தொடும் வேலை என்பதால், அதற்கு ஆகும் செலவு சில வேளைகளில் மற்றச் செலவுகள் அனைத்தையும் மிஞ்சிவிடும்.

அகலம்: வலக்கையர் மட்டும் ஆடுவதாயின் பந்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்து 12 அடிக்குள் சமாளிக்கலாம். வலக்கையர், இடக்கையர் இருவரும் நடுவில் நின்று ஆட 15 அடி தேவை.

நீளம்: திரைக்கும் பின்சுவருக்கும் இடையே 1 அடி, பந்துக்கும் திரைக்கும் இடையே 10 அடி, ஆடுபவருக்குப் பின்னால் 7 அடி எனக் கூட்டினால் 18 அடி ஆகும். ராடார் கருவியைப் பந்துக்குப் பின்னால் 7 அல்லது 8 அடி தள்ளி வைக்க வேண்டும். பந்து பறக்கும் தொலைவும் சற்று நீண்டிருக்க வேண்டும். ஆகையால் அதற்கு 20 அடிக்கு மேல் வேண்டியிருக்கும்.

அளவிடும் கருவி

பந்தை அளக்கும் கருவிக்கு லாஞ்ச் மானிட்டர் என்று பெயர். இது இரண்டு வகைப்படும்.

முதலாவது ராடார் வகை. கருவி அனுப்பும் நுண்ணலை நகரும் பந்தில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறுகிறது. டாப்ளர் விளைவு எனப்படும் இம்மாற்றத்தைக் கொண்டு வேகமும் பாதையும் அறியப்படுகின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த டிராக்மேன் நிறுவனம் இம்முறையில் பெயர் பெற்றது. வீட்டுக்குள் பந்து சில அடிகளே பறப்பதால் ராடாரால் சுழற்சியை அளப்பது கடினம். அதற்காகப் பந்தின் மேல் சிறிய உலோகப் பொட்டு ஒட்டுவதும், உள்ளே ராடாருக்குத் தெரியும் பொருள் வைத்துச் செய்யப்பட்ட பந்தைப் பயன்படுத்துவதும் உண்டு.

இரண்டாவது ஒளிப்படக்கருவி வகை. அதிவேகப் படக்கருவிகள் பந்து அடிபடும் நொடியில் அடுத்தடுத்துப் படங்களை எடுக்கின்றன. பந்தின் மேற்பரப்பு எவ்வளவு திரும்பியுள்ளது என்பதை ஒப்பிட்டுச் சுழற்சி கணக்கிடப்படுகிறது. ஃபோர்சைட் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் ஜிசி குவாட் நான்கு படக்கருவிகள் கொண்டது. பந்துக்குப் பக்கத்தில் தரையில் வைக்கப்படுவது. யூனிகோர் நிறுவனத்தின் ஐ எக்ஸ்ஓ கூரையில் பொருத்தப்படுவது. கூரைக் கருவியில், இடக்கையர் ஆட வரும்போது கருவியை இடம் மாற்ற வேண்டியதில்லை. பந்து பட்டு உடையும் அச்சமும் குறைவு.

விலையைப் பொறுத்தவரை, ஸ்கைடிராக் போன்ற தொடக்கநிலைக் கருவிகள் 2,000 முதல் 3,000 டாலர் வரையிலும், நடுத்தரக் கருவிகள் 5,000 முதல் 7,000 டாலர் வரையிலும் உள்ளன. உயர்தரக் கருவிகள் 10,000 டாலரில் தொடங்கி 20,000 டாலரைத் தாண்டும். விலை கூடக்கூட, பந்தின் அளவுகளோடு மட்டையின் முகம் எந்தக் கோணத்தில், எந்தப் பாதையில் வந்து பந்தைத் தொட்டது என்பதும் கிடைக்கிறது. பயிற்சியாளருக்கு இது மிகவும் தேவை. குடும்பத்தினருடன் பொழுதுபோக்காக ஆடுபவருக்கு இவ்வளவு விவரம் தேவைப்படாமல் போகலாம்.

திரையும் சட்டமும்

விதிப்படி கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மிகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. தொழில்முறை ஆட்டக்காரர் டிரைவரால் அடிக்கும் பந்து நொடிக்கு ஏறத்தாழ 76 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 10 அடித் தொலைவிலுள்ள திரையை அது 0.04 நொடியில் அடைந்துவிடும். விலகவோ தடுக்கவோ நேரமே இல்லை.

ஆகவே திரை வெறும் வெள்ளைத் துணியாக இருக்க முடியாது. நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் துணி பல அடுக்குகளாகச் சேர்க்கப்பட்டு இது செய்யப்படுகிறது. அதை மிக இறுக்கமாகக் கட்டினால் பந்து எகிறி ஆடுபவர் மீதே திரும்பும். மிகத் தளர்வாக விட்டால் படம் நெளிந்து தெரியும். பின்சுவரிலிருந்து 12 அங்குலமாவது இடைவெளி விடுவது, பந்தின் வேகத்தைத் திரையே வாங்கிக்கொள்வதற்காகத்தான். திரைக்கு மட்டும் 400 முதல் 2,000 டாலர் வரை ஆகும். இரும்புச் சட்டம், பக்கவாட்டு மெத்தைகள், மேல்வலை ஆகியவற்றைச் சேர்த்தால் உயர்தர அமைப்புக்கு 5,000 டாலர் அளவில் ஆகலாம்.

புரொஜெக்டர்

புரொஜெக்டர் வாங்கும்போது அதன் வீச்சு விகிதத்தை முதலில் பார்க்க வேண்டும். திரையின் அகலத்தை இந்த விகிதத்தால் பெருக்கினால், கருவியைத் திரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் மாட்ட வேண்டும் என்பது தெரியும். 13 அடி அகலத் திரைக்கு 1.5 விகிதமுள்ள சாதாரணக் கருவியை 19.5 அடி தள்ளி மாட்ட வேண்டும். அப்போது அது ஆடுபவருக்குப் பின்னால் அமைந்து, அவர் நிழல் திரையில் விழும். 0.7 விகிதமுள்ள குறுவீச்சுக் கருவியை 9.1 அடியில் மாட்டினால் போதும், நிழல் விழாது.

4கே தெளிவும் லேசர் ஒளிமூலமும் கொண்ட குறுவீச்சுக் கருவிகள் சில 3,000 டாலருக்கு மேல் விற்கின்றன. லேசர் ஒளிமூலத்தில் விளக்கு மாற்றும் செலவு இல்லை என்பது ஒரு நன்மை.

கணினியும் மென்பொருளும்

திரையிலிருந்து மறைந்த பந்தின் மீதிப் பயணம் முழுவதும் கணக்கினால் உருவாவது. காற்றின் தடையையும், சுழலும் பந்தை மேலே தூக்கும் மேக்னஸ் விளைவையும் மென்பொருள் கணக்கில் கொள்கிறது. தொழில்முறை ஆட்டக்காரரின் டிரைவர் அடியில் பந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,600 முறை சுழலும். 7 ஆம் எண் அயர்ன் மட்டையில் ஏறத்தாழ 7,000 முறை சுழலும். இதில் சிறிய அளவுப் பிழையும் தரையிறங்கும் இடத்தைப் பல கெஜம் மாற்றிவிடும்.

உயர்தரக் காட்சிக்கு நல்ல வரைகலை அட்டை கொண்ட கணினி வேண்டும்; விலை 2,000 முதல் 3,000 டாலர். ஜிஎஸ்புரோ என்னும் மென்பொருளின் சந்தா ஆண்டுக்கு 250 டாலர். சில கருவிகளின் தயாரிப்பாளர்கள் தங்கள் கருவிக்கென்றே தனி ஆண்டுச் சந்தாவும் கேட்கின்றனர். கருவியின் விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடிக்கும் விரிப்பு

திடலில் மட்டை மண்ணைப் பெயர்த்துக்கொண்டு செல்லும். கான்கிரீட் மேல் போட்ட மெல்லிய விரிப்பில் அவ்வாறு செல்ல முடியாது. அதிர்ச்சி முழுவதும் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் வருகிறது. நாளும் நூறு பந்து அடிப்பவருக்கு இது முழங்கைத் தசைநாண் வலியாக மாறக்கூடும். அதனால்தான் அறிந்தவர்கள் இந்த ஒன்றில் சிக்கனம் கூடாது என்கின்றனர். நல்ல விரிப்பு 500 முதல் 1,500 டாலர் வரை. அறை முழுவதும் செயற்கைப் புல் பரப்பினால் அதற்குத் தனியாகச் செலவாகும்.

ஒரு மாதிரி மதிப்பீடு

அமெரிக்காவில், ஏற்கெனவே போதிய உயரமுள்ள ஓர் அறையை உயர்தரமாக மாற்றுவதாகக் கொண்டால் கணக்கு பின்வருமாறு அமையலாம். ஊருக்கும் காலத்துக்கும் ஏற்பத் தொகைகள் மாறும்.

- அளவிடும் கருவி: 14,000 டாலர்
- திரை, சட்டம், மெத்தைகள்: 5,000 டாலர்
- புரொஜெக்டர்: 4,000 டாலர்
- கணினி: 2,500 டாலர்
- விரிப்பும் செயற்கைப் புல்லும்: 4,500 டாலர்
- சுவர், கூரை, ஒலித்தடுப்பு: 18,000 டாலர்
- மின்னிணைப்பு, விளக்கு, குளிரூட்டல்: 9,000 டாலர்
- இருக்கை, ஒலிபெருக்கி, அலமாரி: 6,000 டாலர்
- பொருத்துதல், அளவு சரிபார்த்தல்: 4,000 டாலர்

மொத்தம் 67,000 டாலர். எதிர்பாராத செலவுக்கு 10 விழுக்காடு சேர்த்தால் 73,700 டாலர். முதல் ஐந்து இனங்களும் சேர்ந்து 30,000 டாலர். மீதி 37,000 டாலர் கட்டடமும் அறை வசதிகளும் சார்ந்தது. எல்லோரும் விலை விசாரிக்கும் அளவிடும் கருவி, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே.

பயனும் செலவும்

இந்த அறை 10 ஆண்டுகள் உழைக்கும் என்றும், சந்தா, மின்சாரம், திரை மாற்றுதல் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 1,500 டாலர் ஆகும் என்றும் கொள்வோம். ஆண்டுச் செலவு 8,870 டாலர். வாரம் 3 மணி நேரம் வீதம் 50 வாரம் ஆடினால் 150 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 59 டாலர். வாரம் 10 மணி நேரம் ஆடினால் 500 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 18 டாலர். பல அமெரிக்க நகரங்களில் இத்தகைய அறையை மணிக்கு 40 முதல் 60 டாலர் வாடகைக்கு எடுத்து ஆடலாம். எனவே எப்போதாவது ஆடுபவருக்குச் சொந்த அறையால் பண அளவில் மிச்சம் ஏதுமில்லை. நாள்தோறும் பயிற்சி செய்பவருக்கும், பலர் சேர்ந்து ஆடும் குடும்பத்துக்கும் கணக்கு வேறாக அமையும்.

வீட்டை விற்கும்போது இச்செலவு முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. வாங்குபவர் கோல்ஃப் ஆடாதவராயின் அவருக்கு அது வெறும் அறையே. கருவி, கணினி, புரொஜெக்டர் ஆகியவற்றைக் கழற்றி எடுத்துச் செல்லலாம். சுவரிலும் கூரையிலும் போட்ட பணத்தை எடுத்துச் செல்ல முடியாது.

வரம்புகள்

சிமுலேட்டரில் தரை எப்போதும் சமமாகவே இருக்கும். சரிவில் நின்று அடிப்பது, ஈரப் புல்லில் சிக்கிய பந்தை எடுப்பது, மணற்குழியிலிருந்து மீட்பது ஆகியவற்றை உண்மையாகப் பழக முடியாது. குழிக்கு அருகில் பந்தை உருட்டும் ஆட்டமும் இயல்பாக அமைவதில்லை. 2000 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தென்கொரியாவின் கோல்ஃப்ஸோன் நிறுவனம், திடலின் சரிவுக்கேற்பச் சாயும் நகரும் மேடையின் மூலம் இக்குறையை ஓரளவு நீக்கியது. டைகர் வுட்சும் ரோரி மெக்கில்ராயும் உருவாக்கிய டிஜிஎல் போட்டித் தொடர் 2025 சனவரியில் புளோரிடாவில் தொடங்கியது. அங்கு நெடுந்தூர அடிகள் 64 அடி அகலத் திரையை நோக்கி அடிக்கப்பட்டாலும், குழிக்கு அருகிலான ஆட்டம் உண்மையான தரையிலேயே நடைபெறுகிறது.

திட்டமிடும் வரிசை

பொருள் வாங்கும் முன் வீட்டிலேயே மிக உயரமானவர், மிக நீண்ட மட்டையுடன் அந்த அறையில் நின்று மெதுவாக வீசிப் பார்க்க வேண்டும். விளக்கு, குழாய், வாகனக் கதவின் தண்டவாளம் எதிலும் மட்டை இடிக்கக்கூடாது. அடுத்து உள்ளாட்சி அனுமதியும் மின்சுமையும் பார்க்கப்பட வேண்டும். அதன்பின் கருவியின் வகை, அதற்கேற்பத் திரையின் அளவு, அதற்கேற்பப் புரொஜெக்டர் என்ற வரிசையில் முடிவு செய்தால் ஒன்றுக்கொன்று பொருந்தும். தள்ளுபடியில் கிடைக்கிறதென்று புரொஜெக்டரை முதலில் வாங்கினால், மற்ற அளவுகளை அதற்காக வளைக்க நேரும். சிறுவர் உள்ள வீட்டில் ஆடுபவரின் மட்டை எட்டும் வட்டத்தைத் தரையில் கோடிட்டு, அதற்கு வெளியே நிற்கப் பழக்குவது நல்லது. இதற்கு ஆகும் செலவு ஒரு வண்ண நாடாவின் விலை மட்டுமே.