கல்லாப்பெட்டியில் கைத்துப்பாக்கி: கடைக்காரர் தடுக்கலாமா?

திண்டிவனத்தில் வணிக நண்பர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தபோது, மணிலா மண்டி வைத்திருக்கும் அன்பர் ஒருவர் தம் சங்கடத்தைச் சொன்னார். அவருடைய கணக்குப்பிள்ளை முன்னாள் ராணுவ வீரர்; உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார். விழுப்புரத்துக்கு வசூலுக்குப் போகும் நாளில் அதை இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். கடைக்கு வந்ததும் கல்லாப்பெட்டி இழுப்பறையில் வைத்துவிடுவார். "கடைக்குள் வேண்டாமய்யா" என்றதற்கு, "சர்க்கார் கொடுத்த லைசென்ஸ் முதலாளி, நீங்கள் எப்படித் தடுப்பீர்கள்?" என்றாராம்.

கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் கணக்குப்பிள்ளை பக்கம். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். சட்டத்தைப் புரட்டிப் பார்த்த பிறகு கருத்தை மாற்றிக்கொண்டோம்.

அமெரிக்காவில் இது பெரிய வழக்காகவே ஆயிற்று. 2002இல் ஒக்லஹோமா மாநிலத்து ஆலை ஒன்றில், வாகன நிறுத்துமிடத்தில் நின்ற கார்களில் துப்பாக்கி வைத்திருந்த தொழிலாளர்களை நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியது. பூட்டிய காருக்குள் இருக்கும் துப்பாக்கியை முதலாளி தடுக்கக் கூடாது என்று 2004இல் அங்கே சட்டமே வந்தது. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. அங்கே துப்பாக்கி, அரசியல் சட்டம் தந்த உரிமை.

இங்கே கதை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அது அரசு தரும் அனுமதி மட்டுமே. அடுத்தவர் கடைக்குள் கொண்டுவரும் அதிகாரத்தை அந்த அனுமதி தருவதில்லை. திருவிழாக் கூட்டம், சமய ஊர்வலம், கல்வி நிலைய வளாகம் ஆகியவற்றுக்குத் தனி அனுமதியின்றி எடுத்துச் செல்லக் கூடாதென்று உரிமத்திலேயே நிபந்தனை உண்டு. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பொது இடத்தில் உறையிலிட்டு, மூடியே கொண்டுசெல்ல வேண்டும். வெறுமனே இடுப்பில் செருகுவதே தவறு.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது அந்த இழுப்பறையைத்தான். சாவி யாரிடம்? துப்பாக்கி கையில் இருந்தால்தான் 'வைத்திருப்பது' என்றில்லை. தெரிந்தே தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தாலும் போதும் என்று 1972இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. உரிமமில்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை. கணக்குப்பிள்ளை சாப்பிடப் போன நேரத்தில் சோதனை வந்தால், சாவியோடு உட்கார்ந்திருக்கும் முதலாளி என்ன பதில் சொல்வார்?

நகைக்கடைக்காரர்களுக்கும் ஒரு சொல். சொந்தத் துப்பாக்கியோடு வரும் காவலரை நம்பியிருக்கிறீர்கள். தேர்தல் வந்தால் ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். 2024இல் நம் மாவட்டத்துக்கு நாடாளுமன்றத் தேர்தல் முடிந்த சூட்டோடு விக்கிரவாண்டி இடைத்தேர்தலும் வந்ததை மறந்துவிட வேண்டாம். அந்த நாட்களில் கடைக்கு என்ன பாதுகாப்பு என்பதை முன்கூட்டியே யோசியுங்கள். காவலர் விடுப்பில் போகும்போது, "மாற்று ஆளிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உரிமம் அவர் ஒருவர் பெயரில் இருக்கிறது.

மண்டி அன்பரை, கடைக்குள் ஆயுதம் கூடாது என்று எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கச் சொன்னோம். வசூலுக்கு இப்போது இரண்டு பேராகப் போகிறார்கள். பணத்தை விழுப்புரத்திலேயே வங்கியில் கட்டிவிட்டுத் திரும்புகிறார்கள்.